கண்ணை மூடச் சொல்லவில்லை

டொக்டர் இல்லாத ஊர்களில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி வேலைக்கு நான் பயிற்சி பெற்ற இரண்டு வருடத்தில், தோல் வருத்தங்களுக்கென்று எங்களுக்கு ஒதுக்கியவை நான்கு காலைகள். அதில் ஒரு காலை நிபுணர் வரவில்லை. மற்ற மூன்று நாளும் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியின் நீண்ட மண்டபத்தில் நின்றோம். முன்வரிசையில் டொக்டருக்குப் படிப்பவர்கள், பின்னால் நாங்கள். நோயாளியை வெளிச்சத்துக்காக யன்னலோரம் நிறுத்துவார்கள். தோள்களுக்கிடையில் எனக்கு ஒரு முதுகு தெரியும், சில நேரம் ஒரு குதிக்கால் தெரியும். நிபுணர் வருத்தத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டேன். பிறகு புத்தகத்தில் தேடியபோது அந்த எழுத்தில் எந்த வருத்தமும் இருக்கவில்லை.

அந்தப் படிப்போடுதான் அறுபதுகளின் நடுப்பகுதியில் என்னை வாவிக்கு மேற்கே, வவுணதீவைத் தாண்டிய ஓர் அரசாங்க மருந்தகத்துக்கு அனுப்பினார்கள். மூன்று பக்கமும் வயல்வட்டை. சேற்றிலும் தண்ணீரிலும் நிற்கிற சனம். காலையில் வருகிறவர்களில் பாதிப் பேர் சட்டையைக் கழற்றி, அல்லது சேலையை முழங்கால் வரை உயர்த்தி, தோலைத்தான் காட்டுவார்கள். சொறி, சிரங்கு, படை, சேற்றுப்புண். அரித்துக் கடித்தால் வெள்ளைத் தைலம். வட்டமாக இருந்தால் படைக் களிம்பு. கசிந்தால் ஊதா மருந்து. ஆறினால் அப்போதிக்கரி கெட்டிக்காரன். ஆறாவிட்டால் போத்தலை மாற்றிக் கொடுப்பேன். நான் செய்தது வைத்தியம் அல்ல, ஊகம் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

கிழக்குப் பகுதி முழுவதற்கும் தோலுக்கென்று ஒரு டொக்டர் இருக்கவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து ஒருவர் வாவிக்கு அக்கரையில் இருந்த பட்டினத்துக்கு வந்து ஒரு நாள் பார்ப்பார். எந்த நாள் என்பது தபாலட்டை வந்தால்தான் தெரியும்.

தோல் மரத்து, விரல்கள் முடங்கிப்போகும் ஒரேயொரு வருத்தத்தை மட்டும் தவறவிடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதன் பெயரைச் சனம் வாயால் சொல்ல மாட்டார்கள். வாவிக்குள் இருந்த தீவைக் கையால் காட்டுவார்கள். அந்த வருத்தக்காரரை வைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. நான் பட்டினத்தில் வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீருக்கு அப்பால் அந்தத் தீவின் தென்னைகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே போனவர் எவரும் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மருந்தகத்தில் என்னோடு வேலை செய்தவர்களில் சனம் மிகவும் நம்பியது பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதுவைத்தான். வெல்லாவெளிப் பக்கத்து ஆள். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ‘மிஸ்ஸி’ என்றால் அந்தப் பகுதியில் அவர் ஒருவர்தான். சைக்கிளின் பின்னால் பையைக் கட்டிக்கொண்டு வரம்புகளில் ஓடித் திரிவார். எங்கள் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தவறிப்போனபோது, இரண்டு நாள் எங்கள் குவாட்டர்ஸை விட்டு அசையாமல் இருந்தது அவர்தான். அதற்குப் பிறகு என் மனைவிக்கு அவர் கூடப்பிறந்தவர் மாதிரி.

ஓர் ஐப்பசி நாள். நோயாளர் எல்லாரும் போய்விட்டார்கள். நான் போத்தல்களை மூடிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸி உள்ளே வந்து கதவைப் பாதி சாத்தினார்.

“ஐயா, இத ஒருக்காப் பாருங்க.”

இடது முன்கையை நீட்டினார். முழங்கைக்குச் சற்றுக் கீழே கோழிமுட்டையளவில் தோல் வெளிறிக் கிடந்தது. ஓரம் லேசாகத் தடித்திருந்தது. அதன் மேல் மயிர் இல்லை. மற்ற இடமெல்லாம் வேர்வையில் மினுங்க, அந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது.

“எப்ப இருந்து?”

“வைகாசியில கண்டன். தேமல் எண்டு நினைச்சன். இப்ப பெரிசாகுது.”

“கடிக்குதா?”

“இல்ல.”

படை என்றால் கடிக்க வேண்டும். பஞ்சைக் கொஞ்சம் திரித்து எடுத்தேன். அந்த இடத்தில் தொட்டு, “தெரியுதா?” என்றேன்.

“தெரியுது.”

ஓரத்தில் தொட்டேன். “தெரியுது.” நடுவில் தொட்டேன். “தெரியுது.” ஊசிமுனையால் குத்தினேன். “நோகுது” என்றார்.

ஒவ்வொரு தடவையும் அவர் கண் என் விரல்களோடு போய் வந்தது. பஞ்சு தோலில் பட்டதைப் பார்த்த பிறகே வாய் திறந்தார். இந்தச் சோதனையைச் செய்யும்போது நோயாளியைக் கண்ணை மூடச் சொல்ல வேண்டும். அந்த மூன்று காலைகளில் நான் சரியாகக் கேட்டு எழுதிய சில விஷயங்களில் அது ஒன்று. ஆனாலும் நான் கண்ணை மூடச் சொல்லவில்லை.

“படை மாதிரித்தான் கிடக்கு மிஸ்ஸி. பூசிப் பாப்பம்” என்று களிம்புச் சிமிழை எடுத்துக் கொடுத்தேன்.

“பதிவுப் புத்தகத்தில எழுதாதீங்க ஐயா. ஆரும் பாத்தா மறுகா எனக்கு இந்த வேல இல்ல.”

நான் எழுதவில்லை. அவருக்காகத்தான் எழுதவில்லை என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் மனைவி அப்போது மறுபடியும் ஆறு மாதம். வருகிற பிள்ளையை இந்தக் கைதான் எடுக்கப்போகிறது. அது படையாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன், அவ்வளவுதான்.

அன்று தொடங்கியது என் மனதின் ஓட்டம். மிஸ்ஸி வாரத்தில் இரண்டு தரம் குவாட்டர்ஸுக்கு வந்து மனைவியின் வயிற்றைத் தடவிப் பார்ப்பார். நான் கதவோரம் நின்று அவர் கையைப் பார்ப்பேன். சட்டைக் கையை இப்போது முழங்கைக்குக் கீழே இழுத்து விட்டிருந்தார். தொட்டால் பரவுமா, எத்தனை தரம் தொட்டால், வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் போகுமா? என்னிடமிருந்த ஒரேயொரு புத்தகத்தில் இந்த வருத்தத்துக்கு இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்தையும் மனப்பாடமாகும் வரை வாசித்தேன். பரவுகிற வகை ஒன்று, பரவாத வகை ஒன்று என்று இருந்தது. எது எதுவென்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவர் தேத்தண்ணி குடித்த கோப்பையை நான் தனியாக எடுத்து வைத்துக் கொதிதண்ணீர் ஊற்றத் தொடங்கினேன். மனைவி கண்டுவிட்டார்.

“இஞ்சாருங்க, என்னத்துக்கு அந்தக் கோப்பைய மட்டும் அவிக்கிறீங்க?”

“ஒண்டுமில்ல. ஊரில வாந்திபேதி எண்டு கதைக்கிறாங்க.”

“அப்ப எங்கட கோப்பையளையும் அவிக்கத்தானே வேணும்?”

எல்லாவற்றையும் சேர்த்து அவித்தேன். ஆனால் அடுத்த தடவை வந்தபோது மிஸ்ஸி, “எனக்கு இண்டைக்குத் தேத்தண்ணி வேணாம் புள்ள, வயிறு சரியில்ல” என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் எதையும் குடிக்கவில்லை. குசினி யன்னல் திறந்துதான் கிடந்திருக்கிறது; நான் கோப்பை அவித்ததை அவர் கண்டிருப்பார்.

ஒருநாள் வேறு வேலைக்குப் போகிற மாதிரிப் பட்டினத்துக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஒரு டொக்டரைக் கண்டு, ஆளின் பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர்தான். வாசலில் நூறு பேர் நின்றார்கள்.

“தேமலாத்தான் இருக்கும் ஐஸே. சந்தேகமெண்டா தோல் டொக்டர் வரக்குள்ள அனுப்பும்” என்றார்.

“எப்ப வருவார்?”

“மாரி முடியாம வர மாட்டார். தபாலட்டை போடுவம்.”

“அதுக்குள்ள நீங்க ஒருக்காப் பாக்க ஏலாதா?”

அவர் எழுதிக்கொண்டிருந்த துண்டிலிருந்து தலையை உயர்த்தினார். “நான் பாத்தா உமக்குத் தெரிஞ்சதுக்கு மேல என்ன தெரியும்?”

திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் கூடவே வந்தது. அவர் ஐந்து வருடம் படித்த டொக்டர். அவருக்கும் இது தெரியாதென்றால், வாவியின் இந்தக் கரையில் அந்தத் தோலைப் பார்த்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

கார்த்திகை பிறந்து மழை இறுக்கிப் பிடித்தது. ஒரு காலை, கத்தரிக்கோல் முதலான ஆயுதங்கள் அவிக்கிற சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு மிஸ்ஸி என் மேசைக்கு வந்தார். ஏதோ பிரசவக் கணக்குச் சொல்லத்தான் வந்தார். அவருடைய முன்கையில் பெரிய கொப்புளம் ஒன்று எழும்பி நின்றது.

“மிஸ்ஸி, கை.”

குனிந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

“எப்ப சுட்டது?”

“தெரியா ஐயா.”

கொப்புளத்துக்கு மருந்து கட்டினேன். அன்று பின்னேரமே சுகாதாரக் கந்தோரின் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். ‘பெண், வயது முப்பத்தைந்து, உணர்வற்ற படர்தோல், விரைவில் பார்க்கப்பட வேண்டும்.’ பெயர் எழுதவில்லை. பெயர் எழுதாத கடிதத்துக்குப் பதில் வராது என்பது எனக்கு எழுதும்போதே தெரியும்.

மனைவியைப் பட்டினத்தில் அவருடைய தாய் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லிப் பார்த்தேன்.

“நத்தாருக்குப் போவம். இப்ப என்ன அவசரம்? மிஸ்ஸி இருக்கா தானே” என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். முதல் பிள்ளை போன பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

கிறிஸ்மஸ் வருமுன்னே, மார்கழி இரண்டாம் வாரத்தில் வெள்ளம் வந்தது. வட்டையும் வாவியும் ஒன்றாகிவிட்டன. துறையில் ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவையை, நாங்கள் ‘பாதை’ என்று சொல்வது, மரத்தோடு கட்டிப்போட்டார்கள். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு மனைவிக்குப் பிரசவ நோ தொடங்கியது. நாளுக்கு மூன்று வாரம் முந்தி.

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மிஸ்ஸி பையைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். வாசற்படியில் நின்றார். சேலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. உள்ளே வரவில்லை.

“ஐயா, நான் வரட்டா?”

நான் வைத்தியப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் நினைத்தேன். வெள்ளத்தைப் பார்த்தேன். உள்ளேயிருந்து மனைவியின் சத்தம் கேட்டது.

“வாங்க” என்றேன்.

“ரப்பர் கையுறை கிடக்கா?”

மருந்தகத்தில் ஒரு சோடி இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். பழைய சாமான். போடும்போதே ஒன்றின் விரல் நுனி கிழிந்தது. மிஸ்ஸி அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். கார்போலிக் சவர்க்காரத்தால் முழங்கை வரை தேய்த்தார். நிறுத்துவார், மறுபடி தேய்ப்பார். தோல் சிவந்துவிட்டது. அந்த வெளிறின இடம் மட்டும் சிவக்கவில்லை. அதன் மேல் சுத்தமான சீலைத்துண்டை இறுகக் கட்டச் சொன்னார். நான் கட்டினேன்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சற்று நேரம் இரண்டு பெண்களும் மெதுவாகக் கதைப்பது கேட்டது. பிறகு ஓர் அமைதி. நோகூட நின்றுவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அமைதி. பிறகு மனைவியின் குரல், தெளிவாக: “வாங்க மிஸ்ஸி, கிட்ட வாங்க.”

நான் விறாந்தையில் நின்று ஜெபம் பண்ணப் பார்த்தேன். ஒரு வசனமும் முடிவுக்கு வரவில்லை. பகல் ஒரு மணியளவில் பிள்ளை அழுதது. பெண்பிள்ளை. மெலிந்த உடம்பு, ஆனால் நல்ல குரல்.

சந்தோஷப்பட வேண்டிய நாட்கள் அவை. நான் என்ன செய்தேன் என்றால், தினமும் காலை பிள்ளையின் துணியை அவிழ்த்து வெயிலில் வைத்துத் தோலைப் பார்த்தேன். நுளம்பு கடித்த தடம், பால் வடிந்து காய்ந்த இடம், எல்லாம் எனக்கு அதுவாகத் தெரிந்தது. அந்த வருத்தம் வெளியே வர வருடக்கணக்காகும் என்று புத்தகத்தில் இருந்தது. பத்து நாள் பிள்ளையில் அதைத் தேடுவது மடத்தனம் என்று தெரியும். தெரிந்தும் தேடினேன். மனைவி ஒன்றும் கேட்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாசி முடிவில் தபாலட்டை வந்தது. மிஸ்ஸியும் நானும் பட்டினத்துக்குப் போனோம். நிபுணர் நரைத்த, களைத்த மனிதர். கொழும்பிலிருந்து ஒரு முழு நாள் ரெயிலில் வந்தவர். மண்டபம் நிறையச் சனம். மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் முறை வந்தது. தோலை அவர் ஒரு நொடிதான் பார்த்தார். பிறகு அவருடைய விரல்கள் மிஸ்ஸியின் முழங்கைக்குப் பின்னால் போயின. என்னைக் கூப்பிட்டு, என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். எலும்புப் பள்ளத்தில் ஒரு நரம்பு, மணிக்கயிறு மாதிரித் தடித்து உருண்டது. மற்றக் கையில் அது நூல் மாதிரி இருந்தது. அங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

“கண்ணை மூடுங்க அம்மா” என்று தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னார். “தொட்டா, விரலால காட்டுங்க.”

பஞ்சால் தொட்டார். மிஸ்ஸி அசையவில்லை. மறுபடி தொட்டார், பிறகு ஊசியால். மிஸ்ஸி கண்ணை மூடியபடி, இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தார். சோதனை முடிந்தது என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

பரவாத வகைதான் என்றார் நிபுணர். காதுமடலில் கீறி எடுத்துக் கண்ணாடியில் பூசிப் பார்த்தும் கிருமி இல்லை. தீவுக்குப் போகத் தேவையில்லை. மருந்துக் குளிசை சில வருடம் விடாமல் குடிக்க வேண்டும். வேலை செய்யலாம். பிள்ளை எடுக்கலாம். யாருக்கும் பயமில்லை.

“ஆனால் இந்த நரம்பு” என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார், “கொஞ்சம் பிந்திவிட்டது. சின்னவிரல் ஏற்கெனவே மடங்கத் தொடங்கியிருக்கிறது. நிமிருமா என்று சொல்ல முடியாது. முதலில் பார்த்தது எப்போது?”

“ஒக்டோபர்.”

அவர் ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. “தோலுக்கு உங்களுக்கு எவ்வளவு நாள் பயிற்சி?” என்று கேட்டார்.

“நாலு காலை, சேர். ஒன்று நடக்கவில்லை.”

“டொக்டர்மாருக்கே இரண்டு வாரத்துக்கு மேல் நாங்கள் கொடுப்பதில்லை” என்றார். அதை என்னிடம் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா தெரியாது. அடுத்த நோயாளி வந்துவிட்டார்.

திரும்பும்போது பாதை மிதவையில் நாங்கள் இருவரும் ஒரு பக்கமாக நின்றோம். வாவி அமைதியாகக் கிடந்தது. எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. பிள்ளைக்குப் பயமில்லை என்ற ஒன்றே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்கிறவரின் விரலை நான் மறந்துபோனேன்.

“ஐயா” என்றார் மிஸ்ஸி. “அண்டைக்கு நான் பஞ்சப் பாத்துத்தான் சொன்னன். எனக்குத் தெரியல்ல. தெரியுது எண்டு பொய் சொன்னன்.”

“தெரியும்” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தெரியுமா?”

“ஓம்.”

“தெரிஞ்சும் விட்டீங்களா?”

அவர் பயத்தில் பொய் சொன்னார். அவருக்கு அது சரி. நான் அதைக் கேட்டுக்கொண்டு களிம்பு கொடுத்தேன். மிதவை கரையில் முட்டும் வரை அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இறங்கும்போது, “நாளைக்கு வாறன் ஐயா, ரெண்டு பேருக்கு மாதம் கிட்டுது” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“மிஸ்ஸி அண்டைக்கே சொன்னா” என்றார்.

“எண்டைக்கு?”

“புள்ள பிறந்த அண்டைக்கு. அறைக்குள்ள வந்து, கட்ட அவிழ்த்துக் காட்டினா. ‘இதாக இருக்கலாம், ஐயாவுக்கும் தெரியும், நான் தொடவா வேணாமா எண்டு நீதான் சொல்ல வேணும்’ எண்டு கேட்டா. நான் வாங்க எண்டன்.”

அவர் பிள்ளையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“நோவில கிடக்கிற என்னட்ட அவ கேட்டா. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு மாசம் கோப்பை அவிச்சீங்க. நீங்க ஒரு சொல்லுச் சொல்லல்ல.” குரலை உயர்த்தவில்லை. பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் தேவையான சொற்களுக்கு மேல் என்னிடம் கதைக்கவில்லை. பிறகு எங்கள் அடுத்த பிள்ளையை எடுத்ததும் மிஸ்ஸிதான். அதை என்னிடம் கேட்காமலே மனைவி முடிவுசெய்தார்.

ஐந்து வருடம் மிஸ்ஸி குளிசை குடித்தார். மாதம் ஒருமுறை நான் எடுத்துவந்து கொடுப்பேன், சத்துக் குளிசை என்று சனம் நினைத்தது. அந்த வெளிறல் மறைந்தது. இடது கையின் சின்னவிரலும் மோதிர விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. சைக்கிளால் விழுந்தது என்று சொல்லிக்கொண்டார். பிறகு சொந்த ஊர்ப் பக்கம் இடமாற்றம் கேட்டுப் போனார். போகும் நாளில் என் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

எங்களைப் போன்றவர்களுக்குத் தோல் வருத்தத்தில் கூடுதல் பயிற்சி வேண்டும் என்று கந்தோருக்கு எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான் வருகிறவர் எல்லாருடைய முழங்கையையும் தடவத் தொடங்கினேன். வயிற்றுக்குத்துக்கு வந்தவருக்கும் கூட. “இந்த ஐயாவுக்கு விசர் பிடிச்சிட்டுது” என்று வாசலில் ஒருவர் சொன்னது கேட்டது.

ஆனால் அதற்கு முன்னால் வந்தவர்கள்? பழைய பதிவுப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ‘படை, களிம்பு’ என்று என் கையெழுத்தில் இருந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிலரின் வீட்டுக்கே போனேன். அவர்களுக்குப் படைதான். ஒருவரை மட்டும் காணவில்லை. நான் வந்த முதல் வருடம் நெல் வேளாண்மை வெட்டுக்கு வெளியூரிலிருந்து வந்த கூலியாள். கன்னத்தில் ஒரு வெளிறின வட்டம். கடிக்கவில்லை என்று சொன்னவர். ஏறாவூர்ப் பக்கம் போனார் என்றார்கள், அங்கே விசாரித்தேன். இல்லை, தெற்கே போய்விட்டார் என்றார்கள். பதிவில் ஊர் என்ற இடத்தில் நான் ‘வெளியூர்’ என்று மட்டும் எழுதியிருந்தேன்.